மியாவ் மலையில் முஸ்லிம் விருந்தாளி



ஒரு மலைக் கிராமத்தின் வாயில். கல் பாவிய பாதையின் இருபுறமும் கருநீல ஆடை அணிந்து, தலையில் வெள்ளிக் கொம்புகள் மின்னப் பெண்கள் வரிசையாக நிற்கின்றனர். ஆண்கள் மூங்கிற்குழல் வாத்தியத்தை ஊதியபடி முன்னும் பின்னும் அசைகின்றனர். வரிசையிலிருந்து ஒரு பெண்மணி எருமைக் கொம்பொன்றை இரு கைகளாலும் ஏந்தி, வந்த விருந்தினரை நோக்கி வருகிறார். அக்கொம்பில் நிரம்பியிருப்பது அரிசியில் ஊறிய மது. அதைச் சுவைக்காத விருந்தினர் ஊருக்குள் நுழைவது அவர்களுடைய மரபில் இல்லை. மிகுந்த சிறப்புக்குரிய விருந்தினராயின், பன்னிரண்டு இடங்களில் வழிமறித்துப் பன்னிரண்டு முறை ஊட்டுவார்கள்.

இப்போது அந்த விருந்தினர் நீங்கள். அருகில் உங்கள் மனைவியும் மக்களும். என்ன செய்வீர்கள்?

"அப்படிப்பட்ட ஊருக்கு நமக்கென்ன வேலை?" என்று கேட்பவர்கள் இருப்பீர்கள். நியாயமான கேள்விதான். ஆயினும், நம் ஊர்களிலிருந்து வியாபார நிமித்தம் சீனத்தின் குவாங்சோ நகருக்குச் சென்று வருபவர்கள் இன்று எத்தனையோ பேர். வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் அங்கே கூடும் கான்டன் சந்தையைப் பற்றி நம் வீட்டுப் பெண்களும் அறிவார்கள். சரக்கைப் பார்த்து, பேரம் முடித்து, ஹுவாய்ஷெங் பள்ளிவாசலில் ஜும்ஆத் தொழுதுவிட்டு விமானம் ஏறுகிறோம். சீனம் என்றால் கிடங்கும் கடைவீதியும்தான் என்ற எண்ணம் நம்மிடம் ஊறிவிட்டது. அதே குவாங்சோவிலிருந்து மேற்கே குய்யாங் நகருக்கு 2014 டிசம்பரில் அதிவேக ரயில் ஓடத் தொடங்கியது. 857 கிலோமீட்டர் தூரம்; காலையில் ஏறினால் பிற்பகலில் இறங்கிவிடலாம். மனிதர்களை அல்லாஹ் ஏன் கோத்திரங்களாக ஆக்கினான் என்பதை சூரத்துல் ஹுஜுராத்தில் ஓதியிருக்கும் நாம், இவ்வளவு அருகில் வந்துவிட்ட ஒரு சமூகத்தைப் பார்க்காமலே திரும்ப வேண்டுமா?

குய்யாங், குய்சோ மாகாணத்தின் தலைநகர். மாகாணம் முழுவதும் மலையும் மழையும்தான். மூன்று நாள் சேர்ந்தாற்போல் வெயில் அடிக்காது, மூன்று கல் தொலைவு சமதரை கிடைக்காது என்று சீனர்களே சொல்லிச் சிரிப்பார்கள். மியாவ் மக்கள் பெருந்தொகையாக வாழும் மாகாணம் இது. 2020-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி சீனத்தில் அவர்களின் தொகை ஏறத்தாழ 1 கோடியே 10 லட்சம். இவர்களின் உறவினர்கள் வியட்நாம், லாவோஸ், தாய்லாந்து நாடுகளின் மலைகளிலும் வாழ்கின்றனர். 1975-இல் லாவோஸ் போர் முடிந்தபின் அகதிகளாகி அமெரிக்கா வரை சென்று குடியேறியவர்களும் உண்டு.

மாகாணத்தின் தென்கிழக்கில் 1956-இல் மியாவ், தோங் ஆகிய இரு இனத்தவருக்காகவும் ஒரு தன்னாட்சிப் பகுதி அமைக்கப்பட்டது. அதன் தலைநகரின் பெயர் கைலி. சிரிக்காதீர்கள், நாம் உடுக்கும் கைலிதான் உச்சரிப்பில்! குய்யாங்கிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் கைலி. அங்கிருந்து பேருந்தில் லெய்ஷான் வட்டாரத்து மலைகள். 2,178 மீட்டர் உயரமுள்ள லெய்கோங் மலையின் அடிவாரத்தில்தான் பெயர்பெற்ற மியாவ் ஊர்கள் பல இருக்கின்றன. அவற்றுள் பெரியது சிஜியாங். உய்குர் முஸ்லிம்களின் சின்ஜியாங் வேறு, இது வேறு. பயணச்சீட்டு வாங்கும்போது கவனம்.

மலைச்சரிவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மரவீடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியதுபோல் நிற்கும் காட்சியைப் பார்த்தால் சுப்ஹானல்லாஹ் என்று நாவு தானாகச் சொல்லும். சரிவிலே கால் ஊன்றி நிற்கும் இவ்வீடுகளின் சட்டங்களை ஆணி இல்லாமல், பொளியும் துளையுமாகப் பொருத்துகிறார்கள். கீழ்த்தளத்தில் கால்நடையும் விறகும் ஏர்க்கருவியும், நடுத்தளத்தில் குடும்பம், மேலே தானியம். நடுத்தளத்தின் முகப்பில் வெளிப்புறமாக வளைந்த சாய்மானத்துடன் நீண்ட மர இருக்கை ஒன்று இருக்கும். பெண்கள் அதில் அமர்ந்து தையல் வேலை செய்வார்கள். எதிர்மலையில் படிப்படியாக இறங்கும் வயல்கள். வசந்த காலத்தில் அவற்றில் நீர் நிறைந்து வானத்தைக் காட்டும், பிறகு பசுமை, செப்டம்பர், அக்டோபரில் பொன்னிறம்.

சரி, வாயிலில் நிற்கும் உங்களிடம் திரும்பி வருவோம்.

அந்தக் கொம்புக்கு ஒரு விதி உண்டு. கொம்பைக் கையால் தொட்டவர் அதிலுள்ளது முழுவதையும் குடித்தாக வேண்டும். தொடாதவருக்கு ஒரு வாய் ஊட்டுவதோடு விட்டுவிடுவார்கள். விவரம் அறியாத பயணிகள் மரியாதை என்று எண்ணிக் கொம்பை வாங்கிவிட்டுத் திண்டாடுவதைக் கண்டு ஊரே சிரிக்கும். நமக்கோ ஒரு வாயும் இல்லை, ஒரு துளியும் இல்லை. ஆகவே கையை நீட்டாதீர்கள். வலக்கரத்தை நெஞ்சில் வைத்துத் தலை தாழ்த்தி, புன்னகையோடு "ஹுய்மின்" என்று சொல்லுங்கள். ஹுய் என்பது சீன மொழி பேசும் முஸ்லிம்களின் பெயர். அவர்களுக்கு மதுவும் பன்றியும் விலக்கு என்பதைச் சீனத்தில் பெரும்பாலோர் அறிவர். நீங்கள் ஹுய் இனத்தவர் அல்லர் என்பது முகத்தைப் பார்த்தாலே தெரியும். ஆனால் சொன்னதன் பொருள் விளங்கிவிடும். இதைவிடச் சிறந்தது, ஊருக்குள் நுழையும் முன்பே வழிகாட்டி மூலம் தெரிவித்துவிடுவது. வாயிலில் பலர் முன்னிலையில் மறுக்கும்போது, நீட்டிய கை வெறுங்கையாகத் திரும்புகிறது. முன்கூட்டியே சொல்லிவிட்டால் விருந்தளிப்பவருக்கு அந்த வருத்தம் நேராது.

முகத்தைச் சுளித்து, தோளைத் திருப்பிக்கொண்டு, குழந்தைகளை இழுத்து அணைத்துக்கொண்டு ஒதுங்குகிறவர்களும் உண்டு. இது பேணுதல் அன்று. அப்பெண்மணி உங்களுக்குத் தீங்கு செய்ய வரவில்லை. தம் வீட்டில் உள்ளவற்றில் உயர்ந்ததைக் கொண்டு வந்திருக்கிறார். ஹராமை மறுப்பது நம் கடமை. கொண்டுவந்தவரை இழிவுபடுத்துவது எந்தக் கிதாபிலும் கடமையாக்கப்படவில்லை.

அடுத்தது உணவு. இதில்தான் தாய்மார்களுக்குக் கவலை அதிகம். சீனத்தில் "ரோ", அதாவது இறைச்சி, என்று மட்டும் சொன்னால் அது பன்றிதான். மற்றவற்றுக்குத்தான் ஆடு, மாடு என்று அடைமொழி வேண்டும். மியாவ் வீடுகளில் அடுப்புக்கு மேலே புகையில் காயும் இறைச்சியும் அதுவே. வெறும் கீரை வதக்கல் என்று எண்ணி வாயில் வைக்காதீர்கள். பன்றிக் கொழுப்பில் வதக்குவது சாதாரணம். "மாடு, கோழி என்றால் சாப்பிடலாமே" என்று சில இளைஞர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். அறுத்தவர் யார், யார் பெயரால் அறுத்தார் என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள். மியாவ் மக்களில் பெரும்பாலோர் மூதாதையரை வணங்கும் மரபினர். பல ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் பெருவிழாவில் எருமையை மூதாதையருக்குப் பலியிடுவார்கள். அந்த இறைச்சி நமக்கு ஆகாது.

அப்படியென்றால் பட்டினியா? இல்லை. நீர் நிறைந்த வயல்களில் நெல்லோடு மீனும் வளர்க்கிறார்கள். மீனுக்கு அறுப்பு வேண்டியதில்லை. அம்மீனைக் கொண்டு சமைக்கும் புளிப்பு ஆணம் அவர்களுடைய உணவுகளில் தலையானது. அரிசி கழுவிய கழுநீரைப் புளிக்கவைத்து எடுப்பது வெள்ளைப் புளிப்பு. சிறுதக்காளியையும் மிளகாயையும் ஜாடியில் ஊறவைத்து எடுப்பது சிவப்புப் புளிப்பு. மலையில் விளையும் ஒருவகை மணக்காயை மேலே தூவுவார்கள். எலுமிச்சையும் இஞ்சியும் கலந்தாற்போல் வாசம். நம் வீட்டு மீன் ஆணத்தில் புளி செய்யும் வேலையை அங்கே காலமும் ஜாடியும் செய்கின்றன. ஆனால் எச்சரிக்கை: சிவப்புப் புளிப்பு ஜாடியில் மது ஊற்றும் வழக்கம் பரவலாக உண்டு. வெள்ளைப் புளிப்பிலும் கொழுப்புச் சேர்த்தார்களா, பாத்திரம் எது என்று கேட்டுத்தான் ஆக வேண்டும். சந்தேகம் இருந்தால் விட்டுவிடுங்கள்.

கிராமத்தில் தங்கும் குடும்பம் செய்யத்தக்கது வேறொன்று. சிறிய பாத்திரம் ஒன்று, நல்ல கத்தி ஒன்று, மசாலாப் பொட்டலம். கத்தியை ரயிலில் அனுமதிக்கமாட்டார்கள். கைலிக் கடைவீதியில் வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டாரிடம் உயிருள்ள கோழியை விலைக்குக் கேட்டு, பிஸ்மில்லாஹ் சொல்லி நீங்களே அறுத்து, அவர்களுடைய அடுப்பின் ஓரத்தில் உங்கள் பாத்திரத்தில் சமையுங்கள். வயல் மீனையும் அவ்வாறே. மரவீட்டில் நெருப்புக்கு அஞ்சுவார்கள். ஆகையால் அனுமதி கேட்டு, அவர்கள் காட்டிய இடத்தில்தான் மூட்ட வேண்டும். மரக்கூடையில் ஆவியில் வெந்த பசையரிசிச் சோறு, அவித்த முட்டை, சோளம், சர்க்கரைவள்ளி, பழங்கள் ஆகியவற்றுக்குத் தடையில்லை. நீங்கள் சமைத்ததில் ஒரு கிண்ணம் வீட்டாருக்குக் கொடுங்கள். அவர்கள் தந்ததில் பாதியை நீங்கள் மறுத்திருக்கிறீர்கள் அல்லவா? உங்கள் ஆணத்தை அவர்கள் உண்ணும்போது அந்தக் கணக்கு நேராகிவிடும்.

கைலி போன்ற நகரங்களில் "லான்சோ" மாட்டிறைச்சி நூடுல்ஸ் கடைகள் இருக்கும். பெரும்பாலும் வடமேற்கு மாகாணங்களிலிருந்து வந்த ஹுய், ஸலார் முஸ்லிம்கள் நடத்துபவை. முன்பு பெயர்ப்பலகையில் "ஹலால்" என்று அரபியிலேயே எழுதியிருப்பார்கள். 2019-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அரசின் உத்தரவால் பல நகரங்களில் அரபி எழுத்துகள் நீக்கப்பட்டன. பள்ளிவாசல்கள் பலவற்றின் குவிமாடங்களும் அவ்வாறே போயின. மனம் வருந்தும் செய்திதான். ஆகவே அரபியைத் தேடி ஏமாறாமல், "சிங்ஜென்" என்னும் சீனச் சொல்லை எழுதிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். தூய்மையும் உண்மையும் என்பது அதன் பொருள். ஹலாலுக்கு அவர்கள் இட்ட பெயர்! உள்ளே சென்று ஸலாம் சொல்லுங்கள். பதில் ஸலாம் வந்தால் அதைவிட வேறு சான்று எதற்கு?

தொழுகையைப் பற்றி இரண்டொரு வார்த்தை. சீனம் முழுவதற்கும் பெய்ஜிங் நேரம் ஒன்றே. ஆகவே குய்சோவில் சூரியன் உச்சியிலிருந்து சாய்வது பிற்பகல் 1 மணியை ஒட்டித்தான். கடிகாரத்தை நம்பி முந்திக்கொள்ளாதீர்கள். கிப்லா, நம் ஊரைப் போலவே மேற்கும் சற்று வடக்கும். பயணிக்குக் கஸ்ர் உண்டு. ஷாஃபிஈ மத்ஹபினருக்கு ஜம்உம் உண்டு. மியாவ் வீட்டின் நடுக்கூடத்தில் மூதாதையர் மாடம் இருக்கும். அதன் எதிரே பாய் விரிக்காமல் பக்க அறையையோ மேல்தளத்தையோ கேட்டுப் பெறுங்கள். இறைவனைத் தொழ ஓர் இடம் என்றால் இல்லையென்று சொல்லும் மக்கள் அல்லர்.

இனி ஆடைகளுக்கு வருவோம். மியாவ் மொழிக்குப் பண்டைக்காலத்திலிருந்து எழுத்து கிடையாது. 1905-இல்தான் சாமுவேல் பொல்லார்டு என்ற கிறிஸ்தவப் பாதிரியார், குய்சோவின் மேற்கே ஷிமென்கான் என்னுமிடத்தில், அங்குள்ள மியாவ் பிரிவினருக்காக ஓர் எழுத்து வகையை ஆக்கினார். அதுவரை வரலாற்றைப் பாட்டிலும் தையலிலும் வைத்திருந்தார்கள். பாவாடையில் ஓடும் வண்ணக் கோடுகள் தம் முன்னோர் விரட்டப்பட்டுக் கடந்து வந்த ஆறுகள் என்று மூதாட்டியர் பேத்திகளுக்குச் சொல்கின்றனர். வண்ணத்துப்பூச்சி உருவம் மீண்டும் மீண்டும் வரும்; மனிதகுலம் ஒரு வண்ணத்துப்பூச்சித் தாயிடமிருந்து தோன்றியதாக அவர்களின் பழங்கதை. ஆதம், ஹவ்வா (அலை) வழியில் வந்த நமக்கு அது வெறும் கதைதான். ஆனால் எழுதப் படிக்கத் தெரியாத ஒரு தாய், தன் சமூகத்தின் நினைவு முழுவதையும் ஊசிமுனையில் மகளிடம் ஒப்படைக்கிறாள் என்பது சிறிய செய்தியா? அரபுத்தமிழில் மாலைகளையும் கிஸ்ஸாக்களையும் ஓதிய நம் பாட்டிமாரோடு அந்த எழுத்தறிவையும் நாம் அடக்கம் செய்துவிட்டோமே என்று எண்ணிப் பார்க்கத் தோன்றுகிறது.

தான்சாய் வட்டாரத்தில் உருக்கிய தேன்மெழுகைச் செப்புத் தகட்டுக் கத்தியால் தொட்டுத் துணியில் கோலம் எழுதி, நீலச்சாயத்தில் தோய்த்து எடுக்கிறார்கள். நாம் பாத்திக் என்று உடுத்தும் முறைதான். மெழுகு போன இடம் வெண்மையாக நிற்கும். வேறு சில ஊர்களில் துணியை மரச்சுத்தியால் அடித்து அடித்து உலோகம்போல் பளபளக்கச் செய்வார்கள். முட்டை வெண்கரு, மாட்டுத்தோல் பசை சேர்ப்பார்கள். சில இடங்களில் விலங்கின் இரத்தமும் சேர்ப்பதுண்டு. தொழுகைக்கு உடுத்தும் துணி என்றால் விசாரித்து வாங்குங்கள்.

வெள்ளி நகை அவர்களின் பெருமை. மகள் பிறந்த நாள் முதலே பெற்றோர் சிறுகச் சிறுகச் சேர்க்கின்றனர். இதைப் படிக்கும் தாய்மார்களுக்கு விளக்கம் தேவையில்லை! முழு அலங்காரத்தில் தலைக்கொம்பு, மார்புப் பூட்டு, வளையங்கள் எல்லாமாகப் பல கிலோ எடை. லெய்ஷான் வட்டாரத்துக் கோங்பாய் என்ற ஊர் தட்டார் குடும்பங்களுக்குப் பெயர் பெற்றது. சுற்றுலாக் கடைகளில் தொங்குபவையெல்லாம் வெள்ளி என்று நம்பிவிடாதீர்கள். வெண்ணிறக் கலப்பு உலோகமே அதிகம்.

சுற்றுலா என்றதும் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். 2008-இல் மாகாண அரசின் சுற்றுலா மாநாடு சிஜியாங்கில் கூடியது. அதன்பின் ஊருக்கு வாயிலும் கட்டணமும் வந்தன. கட்டண வருவாயில் ஒரு பங்கு, பழைய வீட்டைப் பேணும் குடும்பங்களுக்கு உண்டு என்றாலும், கடைவீதி பெருத்துவிட்டது. வரவேற்பும் நடனமும் மணிக்கணக்குப்படி நடக்கின்றன. சிறிய ஊரான லாங்தே வேறு வழியைப் பிடித்தது. பாட்டுக்கும் ஆட்டத்துக்கும் வந்து நின்ற கிழவிக்கும் சிறுவனுக்கும் புள்ளி போட்டு, வருவாயை ஊரார் பங்கிட்டுக்கொள்ளும் முறை அங்கே நெடுங்காலம் நடந்தது. இரண்டில் ஒன்றைத்தான் பார்க்க நேரம் என்றால், நான் லாங்தேயைச் சொல்வேன்.

இவ்வூர்களில் சாதாரண நாளில் நடந்தால் ஒன்று கண்ணில் படும்: முதியோரும் சிறுவரும்தான் இருப்பார்கள். உழைக்கும் வயதினர் குவாங்தோங் தொழிற்சாலைகளுக்குச் சென்றுவிட்டனர். நீங்கள் குவாங்சோவில் பேரம் பேசி வாங்கிய துணியையும் பொம்மையையும் செய்த கைகளில் இம்மலையின் கைகளும் இருக்கக்கூடும். பேரப்பிள்ளையை முதுகில் துணியால் கட்டிக்கொண்டு வயலுக்கு இறங்கும் மூதாட்டியைப் பார்க்கும்போது, சபராளிகளின் பணத்தில் மாடி எழும்பி, ஆண் குரல் கேட்காமல் கிடக்கும் நம் ஊர்த் தெருக்கள் நினைவுக்கு வராமல் போகுமா? நமக்குப் பெருநாள் விடுமுறை போல அவர்களுக்குப் புத்தாண்டு. லெய்ஷான் பகுதியில் மியாவ் புத்தாண்டு சீன நாட்காட்டியின் பத்தாம் மாதத்தில், நவம்பரை ஒட்டி வரும். மூன்றாம் மாதம் 15-இல், நிறைநிலா நாளில், தைஜியாங்கிலும் ஷிதொங்கிலும் நடப்பது சகோதரியர் சோற்றுத் திருவிழா. செடிச்சாறுகளால் ஐந்து நிறமாக்கிய பசையரிசிச் சோற்றைப் பெண்கள் இளைஞருக்குத் தருவார்கள். சோற்றுக்குள் உணவுக்குச்சி இரண்டு இருந்தால் சம்மதம். மிளகாயோ பூண்டோ இருந்தால் மறுப்பு. பெண்பார்க்கும் இந்த முறை நமக்கு ஒவ்வாது. பிள்ளைகள் கேட்டால் அப்படியே சொல்லலாம். பெண்ணின் சம்மதத்தை மட்டும் அவர்கள் எவ்வளவு வெளிப்படையாகக் கேட்கிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். நிக்காஹ்வில் அந்தச் சம்மதத்தை ஷரீஅத் கேட்கச் சொல்லியிருக்க, நம்மில் எத்தனை வீடுகளில் அது பெயரளவுக்கு நடக்கிறது?

இம்மலைகள் அமைதியாகத் தோன்றினாலும் இரத்தம் சிந்திய மலைகள். சிங் அரச வம்சத்தின் வரிச்சுமை தாங்காமல் 1855-இல் தைஜியாங் பகுதியைச் சேர்ந்த சாங் சியூமெய் என்பவரின் தலைமையில் மியாவ் மக்கள் கிளர்ந்தெழுந்தனர். லாங்தேயைச் சேர்ந்த யாங் தாலியூ அவருடைய தளபதிகளில் ஒருவர். அடுத்த ஆண்டே பக்கத்து யுன்னான் மாகாணத்தில் ஹுய் முஸ்லிம்கள் எழுந்தனர். ஸுலைமான் எனப்பட்ட தூ வென்சியூ, தாலி நகரில் அரசமைத்தார். இரண்டு எழுச்சிகளும் ஒரே அரசால், ஏறக்குறைய ஒரே காலத்தில் நசுக்கப்பட்டன. சாங் சியூமெய் 1872-இல் கொல்லப்பட்டார். அதே ஆண்டு டிசம்பரில் தாலி வீழ்ந்தது, தூ வென்சியூவும் மாண்டார். எருமைக் கொம்பை நீட்டும் கைக்கும், அதை மறுத்து நெஞ்சில் வைத்த கைக்கும் இடையே இப்படியொரு பழைய உறவு உண்டு.

இரு சமூகத்தையும் ஒரே சந்தையில் காண வேண்டுமானால் குய்சோவின் மேற்கு முனையிலுள்ள வெய்னிங்குக்குச் செல்லுங்கள். கைலியிலிருந்து தொலைவு அதிகம். தனியாக இரண்டு நாள் வேண்டும். 1954-இல் யி, ஹுய், மியாவ் ஆகிய மூன்று இனத்தாரின் பெயரால் அமைந்த தன்னாட்சி வட்டாரம் அது. பொல்லார்டு எழுத்தை ஆக்கிய ஷிமென்கானும் இதில் அடங்கியதே. பள்ளிவாசல்கள் பல உண்டு. ஹுய் கடைகளில் உப்பிட்டு உலர்த்திய மாட்டிறைச்சியும், ஒரு மலைத்தானியத்தின் மாவில் செய்த இனிப்புப் பலகாரமும் கிடைக்கும். இங்கே வயிற்றுக்கும் மனத்துக்கும் கவலையில்லை. ஊரை ஒட்டிச் சாவ்ஹாய் ஏரி, கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 2,170 மீட்டர். 1970-களில் விளைநிலம் வேண்டுமென்று இந்த ஏரியின் நீரை வடித்துவிட்டார்கள். எதிர்பார்த்த பயன் கிட்டவில்லை; 1980-களின் தொடக்கத்தில் மீண்டும் நீரைத் தேக்கினார்கள். இன்று குளிர்காலத்தில் கருங்கழுத்துக் கொக்குகள் வந்து இறங்குகின்றன.

கிழக்கு மலை ஊர்களிலிருந்து நீங்கள் விடைபெறும் நாளிலும் வாயிலில் வரிசை கூடும். மீண்டும் கொம்பு வரும். கையை மீண்டும் நெஞ்சில் வையுங்கள். சில ஊர்களில், சாயமிட்டு அவித்த முட்டையை நூல்வலையில் இட்டுப் பிள்ளைகளின் கழுத்தில் மாலையாக அணிவிப்பார்கள். செந்நிற முட்டை; உரித்தால் உள்ளே வெண்மைதான். பிஸ்மில்லாஹ் சொல்லி அங்கேயே, அவர்கள் பார்க்க, பிள்ளைகள் உண்ணட்டும்.